கத்தியைத் தின்ற கைப்பிடி

தாத்தா எனக்கு விட்டுப்போன சொத்து மொத்தம் இரண்டு. ஒன்று, முன்வழுக்கை. முப்பது தாண்டியதும் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அது தானாகவே என் பெயருக்கு மாறிவிட்டது. இன்னொன்று, ஒரு ஜோடி சவரக்கத்தி. அது என் கைக்கு வர இருபது வருஷம் ஆனது. இருபது வருஷம் காத்திருந்து வாங்கியதை நாலே மாதத்தில் எப்படிப் பாழாக்கப் பார்த்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

சவரக்கத்தி என்றதும் சூப்பர் மார்க்கெட்டில் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று அடுக்கி விற்கிறார்களே, அதை நினைக்காதீர்கள். இது மடக்குக் கத்தி. பழைய சினிமாவில் சலூன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெரிய மனிதரின் தொண்டைக்குழி அருகே வில்லன் கொண்டுபோய் நிறுத்துவானே, அது! இப்போது சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகுகிறார்களே, அதற்குத் தாத்தா முறை. அசல் கத்தியில் பிளேடு மாற்றுகிற வேலையே கிடையாது. கத்தி முழுக்க ஒரே எஃகு. முனை போனால் சாணைக்கல். கொஞ்சம் சோம்பினால் தோல்வாரில் பத்துத் தடவை இழுப்பு. ஒழுங்காக வைத்துக்கொண்டால் நூறு வருஷம் உழைக்கும்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் ஸோலிங்கன் இரண்டு ஊரும் இதில் ஜாம்பவான்கள். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். 1903-ல் அவர் விற்றது மொத்தம் 51 ரேசர், 168 பிளேடு. ‘பாவம், பிழைக்கத் தெரியாதவர்’ என்று உச்சுக்கொட்டுவதற்குள், அடுத்த வருஷம் தொண்ணூறாயிரம் ரேசருக்கு மேல் விற்றுவிட்டார். உபயோகித்துத் தூக்கியெறி என்ற தத்துவம் அன்றே நம் கன்னத்தில் ஏறிவிட்டது.

எங்கள் தாத்தா கடைசிவரை அந்தத் தத்துவத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. தென்னிந்திய ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்பகோணத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஈஸிசேர் போடப்படும். ஜன்னல் கம்பியில் தோல்வார் தொங்கும். ‘ஸரக்... ஸரக்...’ என்று கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டால் பேரப்பிள்ளைகள் நாங்கள் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு ரத்தம் வருமா என்று ஆவலோடு பார்ப்போம். ஒரு தடவைகூட வந்ததில்லை. ரொம்ப ஏமாற்றமாக இருக்கும்.

கத்திகள் எப்படி வந்தன என்பதில் குடும்பத்தில் இரண்டு கட்சி. 1947-ல் கப்பலேறின வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தாத்தாவின் நேர்மையை மெச்சிப் பரிசளித்தது என்பது அப்பா கட்சி. “துரையாவது மண்ணாங்கட்டியாவது! மெட்ராஸ் மூர் மார்க்கெட்ல பழைய சாமான் கடையில பேரம் பேசி வாங்கினது. நான்தான் கூடப் போயிருந்தேனே” என்பது அத்தை கட்சி. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனதால் அத்தையிடம் சாட்சி இல்லை. துரை கப்பலேறிவிட்டதால் அப்பாவிடமும் இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ஒரு கத்திக்குக் கறுப்பு எருமைக்கொம்புக் கைப்பிடி. இன்னொன்றுதான் ராஜா. தேன் நிறக் கைப்பிடி. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் விரல் தெரியும். நன்னாரி சர்பத்தைக் கெட்டியாக்கிச் செதுக்கியதுபோல இருக்கும். ஆமை ஓடு என்று அத்தை சொல்வாள். மடித்தால் கத்தி அந்தச் சர்பத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா அந்த இரண்டையும் என் கையில் கொடுத்தார். “பத்திரமா வச்சுக்குவியாடா?”

“உயிரைக் கொடுத்தாவது...” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேண்டாம். பத்திரமா வச்சுக்கிட்டா போதும்.”

தேன்நிறக் கத்தியில் ஏற்கெனவே காபிப்பொடி தூவினதுபோல நாலைந்து புள்ளி இருந்தது. கைப்பிடியில் மயிரிழை விரிசல். முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை. தாத்தா புண்ணியாத்மா, அதனால்தான் கோயில் வாசனை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சொத்தை எப்படிப் பாதுகாப்பது என்று மூன்று வருஷம் பி.காம் படித்தவன் சும்மா இருப்பேனா? சென்னைக்கு வந்ததும் மனைவி முறுக்குக்காக வைத்திருந்த காற்றுப்புகாத டப்பாவை எடுத்தேன். இரண்டு கத்தியையும் மடித்து, பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ‘டப்’ என்று மூடி, யார் கையும் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். சமையலறைப் பரண். நேர் கீழே அடுப்பு.

இந்த மூன்றில் ஒன்றுகூடச் செய்யக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

பொங்கலுக்கு வருகிறேன் என்று அப்பா போன் செய்தார். “தாத்தா கத்தி நல்லா இருக்கா?” என்று கேட்டார். “பிரமாதம்” என்று சொல்லிவிட்டுப் போய் டப்பாவைத் திறந்தேன்.

கற்பூரத்தையும் பேட்டரித் தண்ணீரையும் கலந்து மூஞ்சியில் விசிறினதுபோல ஒரு நெடி. டப்பாவின் உட்புறம் பனி பிடித்தது மாதிரி மங்கிக் கிடந்தது. கைப்பிடி கல்கண்டை நொறுக்கினதுபோல உள்ளுக்குள் சுக்குச்சுக்காக வெடித்திருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று வியர்வை. பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சை. கத்தியைப் பிரித்தால்... உள்ளே உலக வரைபடம் மாதிரித் துரு, கண்டம் கண்டமாக. இது போதாதென்று, பக்கத்தில் சமர்த்தாகப் படுத்திருந்த கொம்புக்கைப்பிடிக் கத்தியும் மேற்படியானை ஒட்டியிருந்த பக்கம் மட்டும் அம்மைபோட்டது மாதிரி இருந்தது.

“சென்னை உப்புக்காத்து” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“என் டப்பா போச்சு” என்று தீர்ப்புச் சொன்னாள் மனைவி.

என் மச்சினன் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அன்று சாயங்காலம் வந்தவன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, உப்புக்காத்துன்னா எந்த இடம் முதல்ல துருப்பிடிக்கணும்? கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற வால்தானே? அது பாருங்க, அனேகமா சுத்தமா இருக்கு. மூடி பத்திரமா இருந்த இடம்தான் போயிருக்கு.”

“அப்படீன்னா?”

“கத்தியைத் தின்னது காத்து இல்லை. கைப்பிடி.”

நல்ல துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருப்பான் இல்லையா? அந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

அது ஆமை ஓடே இல்லையாம். செல்லுலாய்டு. உலகத்தில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் பிளாஸ்டிக். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத்தந்தம் கட்டுப்படியாகாமல், மாற்றுக் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று 1860-களில் ஓர் அமெரிக்கக் கம்பெனி அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையட் என்ற அச்சுத்தொழிலாளி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். 1870-ல் அண்ணனோடு சேர்ந்து பேட்டன்ட் வாங்கினார். அப்புறம் சீப்பு, பொம்மை, சட்டைக் காலர், பல்செட், பேனா, சவரக்கத்திக் கைப்பிடி எல்லாமே செல்லுலாய்டு மயம். மேஜை டென்னிஸ் பந்து 2014 வரைக்கும் அதில்தான். தந்தம், ஆமை ஓடு, அம்பர் எல்லாவற்றுக்கும் அது டூப் போட்டது.

“எதுல பண்றாங்க தெரியுமா? பருத்தியை நைட்ரிக் அமிலத்துலயும் கந்தக அமிலத்துலயும் ஊறவச்சு எடுப்பாங்க. கொஞ்சம் தூக்கலா ஊறினா வெடிமருந்து. கொஞ்சம் அளவா ஊறினா, அதோட கற்பூரம் சேர்த்துப் பிசைஞ்சு, சூடுபண்ணி அழுத்தினா செல்லுலாய்டு.”

“கற்பூரமா? சாமிக்குக் காட்டறோமே...”

“அதேதான். நூறு பங்குல இருபது, முப்பது பங்கு.”

இதற்காகவே தைவான் காட்டுக் கற்பூர மரங்களுக்கு உலகச் சந்தையில் ஏக கிராக்கி. அப்போது தைவானை ஆண்ட ஜப்பான், 1899-ல் கற்பூர வியாபாரத்தையே அரசாங்கத்தின் ஏகபோகமாக்கியது. ஆக, தாத்தா முகச்சவரம் செய்தது ஒருவகையில் கற்பூர ஆராதனைதான். என் மூக்கு பொய் சொல்லவில்லை.

நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதா, கற்பூரத்தைத் திறந்துவைத்தால் என்னாகும் என்று? காற்றோடு போய்விடும். செல்லுலாய்டிலும் அதுதான் நடக்கிறது. வருஷக்கணக்கில் கற்பூரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்க, கைப்பிடி சுருங்கி விரிசல் விடுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. பருத்தியில் ஏற்றின நைட்ரஜன் சமாசாரம் வாயுவாகக் கழன்று வருகிறது. காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் மறுபடி நைட்ரிக் அமிலம்! மடக்குக் கத்தி என்பது எஃகை அமிலத்துக்குள் மூடிவைத்த மாதிரி.

“இதுல மோசம் என்னன்னா, வந்த அமிலம் சும்மா இருக்காது மாமா. கைப்பிடியை இன்னும் அரிக்கும். இன்னும் அமிலம் வரும். அது இன்னும்...”

“வட்டிக்கு வட்டி!” என்று கத்தினேன். பி.காம் வாழ்க்கையில் முதல்தடவையாக உதவியது.

“மீட்டர் வட்டின்னே வச்சுக்குங்க. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? அந்த வாயு வெளியே போகவிடாம டப்பாவுல அடைச்சு, சூடு கிளப்ப அடுப்புக்கு மேல வச்சு, நல்ல கத்தியையும் பக்கத்துலயே படுக்கப்போட்டிருக்கீங்க.”

தாத்தாவின் கத்தி பரணில் அநாதையாக இருந்த இருபது வருஷத்தில், ஓட்டுவீட்டுக் காற்று அதைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பத்திரமாக வைத்து நான் கொன்றேன்.

எல்லா செல்லுலாய்டும் இப்படி இல்லை என்பது ஓர் ஆறுதல். தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்க ஸிங்க் ஆக்ஸைடு கலந்த கைப்பிடிகள் நீண்ட ஆயுசுக்காரர்கள். நிறத்துக்காகப் போட்ட சரக்கு, வருகிற அமிலத்தையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. ஒளி ஊடுருவும் தேன் நிறம், ஆமை ஓட்டு நிறம், இந்த அழகர்கள்தான் முதலில் அழுகுகிறவர்கள்.

“நெருப்பு வச்சுப் பார்த்தா செல்லுலாய்டான்னு தெரிஞ்சிடுமே?” என்று தீப்பெட்டியை எடுத்தேன். மச்சினன் பாய்ந்து பிடுங்கினான். பழைய சினிமாச் சுருளும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தானாம். எரிய வேண்டிய ஆக்ஸிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். கோடக் கம்பெனி 1951-ல் அந்த வகைப் பிலிமையே நிறுத்தியது. 2003-ல் புனேயில் நடந்த தீ விபத்தில் நம் நாட்டின் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. நம் ஊர் நடராஜ முதலியாரின் மௌனப்படம் ‘கீசகவதம்’, 1931-ன் ‘காளிதாஸ்’ இரண்டும் இதே நைட்ரேட் பிலிமில் எடுத்தவைதான். இரண்டுக்கும் இன்று பார்ப்பதற்கு ஒரு பிரதி கிடையாது. ஒரு சவரக்கத்திக்காக நான் அழுதது கொஞ்சம் அதிகம்தான்.

*

வைத்தியம் எளிது என்றான் மச்சினன். கைப்பிடியைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். கத்தியை ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துருவை நைசான உப்புத்தாளில் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு மரத்திலோ கொம்பிலோ புதுக் கைப்பிடி.

“கைப்பிடியைப் பழையபடி ஆக்க முடியாதா?”

“முடியாது மாமா. போனது போனதுதான். ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்தலாம்.”

பொங்கலுக்கு அப்பா வந்தார். கரும்பு, மஞ்சள்கொத்தோடு உள்ளே நுழைந்தவரிடம் முதல் காபி முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இரண்டாவது காபியும் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“கத்தி போனா போகட்டும்டா. கைப்பிடியை மாத்தாதே.”

“அப்பா, கைப்பிடிதான்பா வியாதியே!”

“இருக்கட்டும். உங்க தாத்தா கை பட்டது அதுலதானே? இரும்பை அவர் எங்க தொட்டார்?”

என்னிடம் பதில் இல்லை. நான் படித்த கணக்கியலில் ஒரு சொத்து இன்னொரு சொத்தைத் தின்றால் என்ன பதிவு போடுவது என்று இல்லை. அதிலும் தின்கிற சொத்துதான் உசத்தி என்று சொந்தக்காரரே சொன்னால்? கத்தியைக் கைப்பிடியில் படாமல் விரித்து, எண்ணெய் பூசி, ஜன்னலோரம் காற்றாட வைத்தேன். கொம்புக் கத்தியை வேறு அறைக்குக் குடிமாற்றினேன். அப்பா ஊருக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினார்.

பத்து நாள் கழித்து பஸ் பார்சலில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கட்டை வந்தது. ஈஸிசேரின் வலது கை! உள்ளே ஒரு துண்டுக் காகிதம்.

‘சவரம் ஆனதும் கத்தியைத் துடைச்சு மடிச்சு இதன் மேலேதான் வைப்பார். நாற்பது வருஷம் அவர் கை அதிகமாப் பட்டது இதுலதான்னு யோசிச்சப்புறம் தெரிஞ்சுது. நல்ல ஈட்டி மரம். போதுமா பார்.’

ஈஸிசேருக்கு இனிமேல் ஒரு கைதான். எனக்குக் கொஞ்ச நேரம் எதிரே இருந்தது தெரியவில்லை.

எங்கள் தெரு சலூன் அண்ணனுக்கு இந்த வேலை அவர் அப்பா காலத்துப் பழக்கம். பித்தளை ஆணியின் தலையை அரத்தால் ராவித் தட்டினதும் பழைய கைப்பிடி ஐந்தாறு துண்டாக உதிர்ந்தது. தச்சர் சீவிக்கொடுத்த இரண்டு ஈட்டிப் பட்டைக்கு நடுவே வால்பக்கம் சின்ன ஆப்பு ஒன்று வைத்தார். “இது இல்லேன்னா மடிக்கும்போது முனை கட்டையில இடிச்சிடும் தம்பி.” புதுப் பித்தளைக் கம்பி, இருபுறமும் வாஷர், பொடிச் சுத்தியலால் டொக் டொக்கென்று ஒரு மணி நேரம். துருக்குழிகளில் பாதி போகவில்லை. ஆனால் கூர்முனை தப்பித்திருந்தது.

“இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா, இதை வச்சு தபால் கவர்கூடக் கிழிக்க முடியாது” என்றார்.

அப்பாவை வரவழைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் இல்லாத நாளாகப் பார்த்து, சாணையும் வாரும் கண்ட கத்தியைக் கொதிக்கும் வெந்நீரில் காட்டிவிட்டு, சலூன் அண்ணன் அப்பாவின் கன்னத்தில் வைத்தார். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“எனக்கு முதல் சவரம் இந்தக் கத்தியாலதான். உங்க தாத்தாதான் பண்ணிவிட்டார்” என்றார், முடிந்ததும் கன்னத்தைத் தடவிக்கொண்டே. “அன்னிக்கும் இப்படித்தான் பயந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

ரத்தம்? ஒரு சொட்டு வரவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்கிற பழக்கத்தில் நானும் எட்டிப் பார்த்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா பெட்டி இருக்கும். ஒளி ஊடுருவும் பழைய கைப்பிடி, சீப்பு, பேனா ஏதாவது கற்பூர நெடி அடித்தால், வியர்த்தால், பக்கத்து உலோகம் பச்சையோ பழுப்போ ஆனால், உடனே தனிக்குடித்தனம் வைத்துவிடுங்கள். டப்பாவில் அடைக்க வேண்டாம். அடுப்பு, வெயில் பக்கம் வேண்டவே வேண்டாம்.

உதிர்ந்த தேன்நிறத் துண்டுகளை அப்பா பூஜை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். தடுத்து, காகித உறையில் போட்டு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலான பால்கனி மூலையில் வைத்திருக்கிறேன். நேற்று எட்டிப் பார்த்தால் உறைக்குள் நாலு மிளகு. கற்பூரம் பறக்காமலிருக்க அப்பாவின் ஏற்பாடு! மச்சினனிடம் சொல்லவில்லை.

தாத்தாவின் இன்னொரு சொத்துக்கு இந்த மாதிரி எந்தப் பராமரிப்பும் தேவைப்படவில்லை. காற்றுப்பட, வெயில்பட, நாளொரு மேனியாக அதுபாட்டுக்கு விரிந்துகொண்டிருக்கிறது.